கொம்பு இடம்மாறிய தெரு

(ஒரு நூலக அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவர்களே, முன்வரிசையில் இடம் இருக்கிறது. வந்து உட்காருங்கள். நான் யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டேன்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கைப்பேசி வரைபடத்தில் ஒரு தெருவின் மேல் அதன் பெயரை எப்படி எழுதுவது? அவ்வளவுதான். "இதற்கு ஒரு மணி நேரமா?" என்று நூலகர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, போன தை மாதம் வரைக்கும்.

தை மாதத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். சென்னைக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாக எழும்பிய பகுதி. அழைப்பிதழில் 'இரண்டாவது குறுக்குத் தெரு' என்று போட்டிருந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். திரையில் இரண்டாவது குறுக்குத் தெரு இருந்தது. ஒன்று அல்ல, மூன்று! ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "எந்த நகர் சார்?" என்றார். நகரின் பெயர் திரையில் இல்லை. முதல் தெருவுக்குப் போனோம், திரும்பினோம். இரண்டாவது தெருவுக்குப் போனோம், திரும்பினோம். கடைசியில் ஓர் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டோம். பெட்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "வாழைமரம் கட்டியிருக்கே, அந்த வீடுதானே? தண்ணி டேங்க் தாண்டி லெஃப்ட்."

இப்போது சொல்லுங்கள். வரைபடம் பொய் சொன்னதா? இல்லை. மூன்று பெயரும் சரி. எழுத்துப்பிழை இருந்ததா? இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்ததா? அதுவும் இல்லை. ஆனால் எனக்கு வேண்டிய ஒரே பெயரை, அந்த நகரின் பெயரை, அது விட்டுவிட்டது. மூன்று தெருப் பெயருக்கு இடம் கொடுத்தது, ஒரு நகர்ப் பெயருக்கு இடம் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வரைபடத்தில் பெயர் எழுதுவது என்றால், பாதிக்கு மேல் பெயரை விடுவதுதான் வேலை. எதை விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் விட வேண்டும்? எல்லாவற்றையும் எழுதிவிட்டால் என்ன? வாருங்கள், ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

இணைய வரைபடத்தில் 'ஜூம்' என்று ஒரு படிக்கட்டு உண்டு. பூஜ்ஜியம் படியில் உலகம் முழுவதும் 256 பிக்சல் அகலமுள்ள ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு படி ஏறும்போதும் நீளமும் அகலமும் இரட்டிப்பாகும். பதினாறாம் படியில், சென்னை இருக்கும் அட்சரேகையில், ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர். நம்முடைய குறுக்குத் தெரு ஒன்று 150 மீட்டர் நீளம் என்று வையுங்கள். திரையில் அது சுமார் 64 பிக்சல். 'இரண்டாவது குறுக்குத் தெரு' என்பதை மிகச் சிறிய எழுத்தில் எழுதினாலும் 150 பிக்சல் பிடிக்கும். அறுபத்து நாலில் நூற்றைம்பதை எப்படி நுழைப்பீர்கள்? பதினேழாம் படியில் தெரு 128 பிக்சல். அப்போதும் வால் வெளியே நிற்கிறது. பதினெட்டாம் படியில்தான் 257 பிக்சல் கிடைக்கிறது, பெயர் சௌகரியமாகப் படுத்துக்கொள்கிறது.

இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள். '2என்டி கிராஸ் எஸ்டி' என்று சுருக்கிவிடுவார்கள். எழுபது, எண்பது பிக்சலில் முடிந்தது. பதினேழாம் படியிலேயே தெரியும். ஒரே தெரு, ஒரே விதி, ஆங்கிலப் பெயர் ஒரு படி முன்னாலேயே கண்ணுக்குப் படுகிறது. தமிழ்ப் பெயர் பின்னால் வருகிறது. யாரும் தமிழுக்குச் சதி செய்யவில்லை. நீளத்தை அளந்தார்கள், எழுத்தை அளக்கவில்லை.

தமிழிலும் சுருக்கினால் என்ன என்று கேட்பீர்கள். 'தெ.' என்றும் 'சா.' என்றும் போடலாமே? போடலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. 'பெரிய தெ.' என்று படித்துப் பாருங்கள், வாய்க்குள் பாக்கு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இடம் இல்லாவிட்டால் 'சாலை'யை விட்டுவிட்டு 'வெங்கடநாராயணா' என்று மட்டும் எழுதலாம். தியாகராய நகர்க்காரர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் சுருக்குவது படம் வரையும்போது நடக்க வேண்டிய காரியம். சேமித்து வைக்கும் இடத்தில் பெயர் முழுதாக இருக்க வேண்டும். முழுப் பெயரிலிருந்து சுருக்கத்தை இயந்திரம் செய்துகொள்ளும். சுருக்கத்திலிருந்து முழுப் பெயரை எந்த இயந்திரம் தோண்டி எடுக்கும்?

கணினி வருவதற்கு முன்னால் இந்த வேலையை மனிதர்கள் கையால் செய்தார்கள். சுவிட்சர்லாந்தில் எடுவார்ட் இம்ஹோஃப் என்று ஒருவர் இருந்தார். 1895-ல் பிறந்தவர், சூரிக்கில் பேராசிரியர், மலைகளை நிழலும் வண்ணமுமாகத் தீட்டுவதில் பேர் பெற்றவர். அவர் 1962-ல் வரைபடத்தில் பெயர்களை அமைப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 1975-ல் வந்தது. இப்படி எழுதினால் நல்லது, இப்படி எழுதினால் கெட்டது என்று ஜோடி ஜோடியாகப் படம் போட்டுக் காட்டியிருப்பார். பெயரைப் பார்த்தவுடன் அது எதனுடைய பெயர் என்று தெரிய வேண்டும். ஒரு பெயர் இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. வளைந்து போகும் பொருளின் பெயர் அதனோடு சேர்ந்து வளைய வேண்டும். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவருக்கு இதெல்லாம் தெரியும். யாருடைய இலை யாருக்கு என்று குழப்பம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

கையால் செய்ததைக் கணினியிடம் கொடுத்தார்கள். கணினிக்கு என்ன கஷ்டம்? மின்னல் வேகத்தில் கணக்குப் போடுமே! இங்கேதான் வேடிக்கை. ஒவ்வொரு பெயரையும் நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் வைக்கலாம் என்று வையுங்கள். பத்துப் பெயர் இருந்தால் மொத்தம் எத்தனை விதமாக அடுக்கலாம்? 10,48,576 விதம். இருபது பெயர் இருந்தால்? ஒரு லட்சம் கோடியைத் தாண்டுகிறது. ரங்கநாதன் தெருவைச் சுற்றிக் கைப்பேசித் திரை அளவு பரப்பில் எத்தனை பெயர் இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எல்லாப் பெயருக்கும் மோதாத இடம் கண்டுபிடிக்கும் கணக்குக்கு விரைவான குறுக்குவழி எதுவும் தெரியவில்லை. கணினியியலில் தீர்க்கக் கடினமானவை என்று பேர் வாங்கிய கணக்குகளின் வரிசையில் இதுவும் ஒன்று என்று 1991 வாக்கில் நிரூபித்தே காட்டிவிட்டார்கள். ஆகவே உங்கள் கைப்பேசி என்ன செய்கிறது? மிகச் சிறந்த விடையைத் தேடுவதில்லை. முக்கியமான பெயரை முதலில் வைக்கிறது, அடுத்ததை வைக்கப் பார்க்கிறது, மோதினால் விட்டுவிடுகிறது, அதற்கடுத்ததற்குப் போகிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான்.

அப்படியானால் யார் முதலில் துண்டு போடுவது? அதை மனிதர்தான் எழுதி வைக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு முதலிடம், பெரிய சாலைக்கு அடுத்தது, தெருவுக்குக் கடைசி. கார் ஓட்டுகிறவருக்கு இது சரி. நடந்து போகிற எனக்கு? குறுக்குத் தெரு தேடுகிறவருக்கு அந்த நகரின் பெயர் தெருவின் பெயரைவிட முக்கியம். எந்த ஊர் என்று தெரியாமல் எத்தனையாவது வீடு என்று தெரிந்து என்ன பயன்?

அடுத்து, எழுதும் முறை. இரண்டு முறைகள் இருக்கின்றன.

முதல் முறை, படமாக அச்சடித்து அனுப்புவது. தலைமைக் கணினியிலேயே தெருவும் பெயரும் சேர்த்துச் சதுரம் சதுரமாக வரைந்துவிடுவார்கள். உங்கள் கைப்பேசி அந்தச் சதுர ஓடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டும். எழுத்து உள்ளேயே வெந்துவிட்டது, இனி மாறாது. நன்மை என்ன? எழுத்து சரியாக வந்ததா என்று ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். தீமை என்ன? மயிலாப்பூருக்குப் போவோம். கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள். வடக்கும் தெற்கும் கிடையாகப் போகின்றன, பெயர் நேராகப் படுக்கிறது. கிழக்கும் மேற்கும் செங்குத்து, பெயர் நட்டுக்கொண்டு நிற்கிறது. பரவாயில்லை, கழுத்தைச் சாய்த்துப் படித்துவிடலாம். இப்போது வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். வடக்கு மாட வீதியின் பெயர் வௌவால் மாதிரித் தொங்கும்!

இரண்டாவது முறை, தெருவின் கோட்டையும் பெயரையும் தனித்தனித் தகவலாக அனுப்புவது. கைப்பேசியே அந்தக் கணத்தில் வரைந்துகொள்ளும். திருப்பினால் பெயர் தானே நிமிர்ந்துகொள்ளும். நீளமான சாலையில் சில நூறு பிக்சலுக்கு ஒரு முறை பெயரைத் திரும்ப எழுதும். வளைவு மிகக் கூர்மையாக இருந்தால் அந்த இடத்தில் எழுதாமல் நகர்ந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மொழியை மாற்றலாம். தமிழ் வேண்டுமா, தமிழ். ஆங்கிலம் வேண்டுமா, ஆங்கிலம். இதைக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி என்ன, ஊரெல்லாம் தமிழில் தெரியப்போகிறது என்று ஒரு செயலியைத் திறந்து தமிழுக்கு மாற்றினேன்.

என்ன பார்த்தேன் தெரியுமா?

'தெரு' என்று எங்கே இருக்க வேண்டுமோ அங்கே எல்லாம், த-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு, த-வைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. நிற்பது மட்டுமல்ல, அடுத்து வரும் ர-வை ஒட்டிக்கொண்டது. படிக்கிறவனுக்கு அது 'தரெ'. ரு-வின் சுழி தனியாகக் கழன்று ஓரத்தில் கிடந்தது. 'சாலை'யாவது தப்பித்ததா? ல-வுக்கு முன்னால் வர வேண்டிய இணைக்கொம்பு ல-வுக்குப் பின்னால். 'கோயில்' என்பதில் கோ மூன்று துண்டு. ஊரில் 'நகர்' மட்டும்தான் ஏறக்குறைய முழுசாக நின்றது. அதில் கொம்பும் இல்லை, காலும் இல்லை, ஒரே ஒரு புள்ளிதான். நம் தெருக்களில் அதிகம் வரும் இரண்டு சொற்கள் தெருவும் சாலையும். இரண்டுமே உடையும்படி ஒரு முறை அமைந்திருக்கிறது என்றால், அதைச் செய்தவர்கள் ஒரு தமிழ்த் தெருவையாவது திரையில் பார்த்திருப்பார்களா?

ஏன் இப்படி ஆகிறது? யூனிகோட் சேமிக்கும் முறையில் 'தெ' என்பது இரண்டு குறியீடுகள். முதலில் த, அதன் பின் கொம்பு. நாம் உச்சரிக்கும் வரிசை அது. காகிதத்தில் எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கென்றே எழுத்துகளைக் கோக்கும் மென்பொருள் தனியாக உண்டு. ஹார்ஃப்பஸ் என்ற ஒன்று பல கைப்பேசி உலாவிகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் செய்தித்தாள் தளத்தில் தமிழ் அழகாகத் தெரிகிறது. ஆனால் வேகத்துக்காகச் சில வரைபட மென்பொருள்கள் அதைக் கேட்பதில்லை. ஒரு குறியீட்டுக்கு ஒரு சின்னப் படம் என்று முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொண்டு, வந்த வரிசையில் ஒட்டிக்கொண்டே போகின்றன. ஆங்கிலத்துக்கு இது போதும். நமக்கு? 247 எழுத்தையும் சில பத்துக் குறியீடுகளில் அடக்கியிருக்கிறோம். சேர்த்துக் கோக்கத் தெரியாதவன் கையில் கொடுத்தால் மாலை உதிரிப்பூதான்.

சேர்த்துக் கோத்த பிறகும் வேலை முடியவில்லை. வளைந்த தெருவில் ஒவ்வோர் எழுத்தையும் சற்றே சாய்த்து வைக்க வேண்டுமே, அப்போது எது ஓர் எழுத்து? கொம்பைத் தனியாகச் சாய்த்துத் த-வைத் தனியாகச் சாய்த்தால் இரண்டுக்கும் நடுவே இடுக்கு விழும். கொம்பும் மெய்யும் காலும் ஒரே குடும்பமாகத் திரும்ப வேண்டும். இன்னொன்று. தமிழ் எழுத்து மேலேயும் வளரும், கீழேயும் இறங்கும். 'கீழ்' என்பதில் சுழி மேலே ஏறுகிறது, 'பூ' என்பதில் வால் கீழே இறங்குகிறது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த உயரத்தில் வைத்தால் தலையும் காலும் தெருவோரத்துக் கட்டடத்தின் மேல் இடிக்கும். எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு கொடுத்து, அளவை ஒன்றிரண்டு புள்ளி கூட்டி வைத்தால் கண் சுளிக்காமல் படிக்கலாம். ஆகவே எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டால், கைப்பேசியே வரையும் முறைதான் என்பேன். ஆனால் அது தமிழைக் கோக்கக் கற்றுக்கொள்ளும் வரைக்கும், வெந்த எழுத்தே மேல். அரைவேக்காட்டுத் தமிழைவிட முழு ஆங்கிலம் எனக்கு வழி சொல்லும். இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். மழையில் வழி தெரியாமல் நிற்கிறவன் நான்.

சரி, எழுத்து ஒழுங்காக வந்துவிட்டது. எந்தப் பெயரை எழுதுவது?

மவுண்ட் ரோடா, அண்ணா சாலையா? மௌப்ரேஸ் ரோடா, டி.டி.கே. சாலையா? நுங்கம்பாக்கம் ஹை ரோடு என்பதா, உத்தமர் காந்தி சாலை என்பதா? பாண்டி பஜார் என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், சர் தியாகராயா சாலை என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? பலகையில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று, வாயில் ஒன்று. கொழும்புக்குப் போனால் பலகையிலேயே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். அங்கே அது 'காலி வீதி', சாலை அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை என்பார்கள், நாம் சந்து என்போம். இயந்திரத்திடம் கொடுத்து எல்லாவற்றையும் சாலையாக்கினால் அந்த ஊர்க்காரர் சிரிப்பார். ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்குத் திருப்பச் சொன்னாலும் இதே வம்புதான். மாட வீதி, ஒரு நெடில் தவறினால் மட வீதி ஆகிவிடும். ஜப்பான்காரருக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, மனைத் தொகுதிக்குத்தான் எண், எண்ணும் தொகுதியின் நடுவில்தான் விழும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு வரைபடம் இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் ஒரு தெருவுக்குப் பெயர்ப் பெட்டி ஒன்று அல்ல, பல. முதன்மைப் பெயர் ஒரு பெட்டி, தமிழ்ப் பெயர் ஒரு பெட்டி, பழைய பெயர் ஒரு பெட்டி, மாற்றுப் பெயர் ஒரு பெட்டி, உள்ளூரார் வழங்கும் பெயர் ஒரு பெட்டி. தகராறு வந்தால் தரையில் போய்ப் பலகையைப் பார் என்பது அவர்கள் வழக்கம். எனக்கு இதில் பிடித்தது எது தெரியுமா? திரையில் எழுதுவது வேறு, தேடினால் கிடைப்பது வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எழுத இடம் ஒன்றுக்குத்தான். தேட இடம் எத்தனைக்கு வேண்டுமானாலும் உண்டு. மவுண்ட் ரோடு என்று தட்டுகிறவரையும் அண்ணா சாலைக்குக் கூட்டிப் போகலாம்.

நான் அதில் எங்கள் தெருவைச் சேர்த்த கதையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். எங்கள் தெரு 140 மீட்டர். கிழக்கு முனையில் ஒரு பலகை: 'கோயில் தெரு'. மேற்கு முனையில் ஒரு பலகை: 'கோவில் தெரு'. மேற்குப் பலகையில் பாதிக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. இரண்டு எழுத்தும் சரிதான், தமிழாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள், சண்டைக்கு வராதீர்கள். கிழக்குப் பலகையை முதன்மைப் பெயராகப் போட்டேன், மேற்குப் பலகையை மாற்றுப் பெயராகப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா போனையே தடவிக்கிட்டு நிக்கற?" சொன்னேன். "கோயில் தெருவா? இது வாய்க்கால் தெரு. நான் கல்யாணமாகி வந்தப்ப அப்படித்தான் சொல்வாங்க" என்றார்.

பழைய பெயர்ப் பெட்டியில் அதையும் போட்டேன். சில நாள் கழித்து அவர் கையிலேயே போனைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். அவருக்குத் தட்டத் தெரியாது, நான் தட்டினேன்: 'வாய்க்கால் தெரு'. சிவப்பு ஊசி சரியாக எங்கள் தெருவின் நடுவில் வந்து குத்தியது. பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பெயர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்துகொண்டது.

"தெரு சரிப்பா," என்றார். "வாய்க்கால் எங்க?"